கொன்பியூசியஸின் அறமும் ஆட்சியாளரின் கொன்பியூசியஸும்



2011 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பீஜிங் நகரின் தியனன்மென் சதுக்கத்தை ஒட்டி, தேசிய நூதனசாலையின் முன்றலிலே ஒன்பதரை மீற்றர் உயரமான வெண்கலச் சிலையொன்று நிறுவப்பட்டது. கைகளைக் கூப்பிய கோலத்தில் நின்ற அந்தக் கிழவர் கொன்பியூசியஸ். மா ஓ சேதுங்கின் பெரிய உருவப்படம் தொங்கும் வாயில் அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. மூன்று மாதங்கள் சென்றன. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலையில் மக்கள் வந்து பார்த்தபோது சிலையைக் காணவில்லை. இரவோடிரவாக அது நூதனசாலையின் உள்முற்றத்துக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தது.

இறந்து ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகிவிட்ட ஒரு வாத்தியாரை எங்கே நிறுத்துவது என்று ஒரு பேரரசு இன்னமும் தடுமாறுகிறது. அவர் வெறுமனே பழங்கதையாகிவிட்டவர் என்றால் இத்தடுமாற்றத்துக்கு இடமில்லை. அவருடைய அறக் கோட்பாட்டின் அடிப்படைகள் எவை, அவை காலந்தோறும் யார் யார் கையில் என்னவாயின, இன்றைய சமுதாயத்துக்கு அவற்றுள் எது பொருந்தும் என்பவற்றைச் சிறிது நோக்குவோம். கொன்பியூசியஸ் என்றதும் அவரைத் திருவள்ளுவரோடு அருகருகே நிறுத்தி, ‘இவர் சொன்னதையே அவரும் சொன்னார்’ என்று பட்டியலிடுவது எம்மவர் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அதை இங்கு நான் செய்யப்போவதில்லை. இருவருக்கும் அது நியாயமாகாது.

கொன்பியூசியஸ் கி.மு. 551 இல், இன்றைய ஷாண்டொங் மாகாணத்திலுள்ள சூஃபு என்னுமிடத்தில் பிறந்தவர் என்பது மரபு. அக்காலத்தில் அப்பகுதி லூ என்ற சிற்றரசாக இருந்தது. இளமையிலேயே தந்தையை இழந்தார். களஞ்சியக் கணக்குப் பார்த்தும் கால்நடைகளை மேற்பார்வை செய்தும் பிழைத்தார். சொந்த நாட்டில் சிறிது காலம் பதவி வகித்தார். பின்னர் கி.மு. 497 அளவில் வெளியேறி, தம் சொல்லைக் கேட்டு நடக்கக்கூடிய ஓர் அரசனைத் தேடிப் பதினான்கு ஆண்டுகள் நாடு நாடாக அலைந்தார். ஒருவனும் அகப்படவில்லை. இடைவழியில் உணவின்றி மாணவர்களோடு பட்டினி கிடந்த நாள்களும் உண்டு. திரும்பி வந்து, எஞ்சிய காலத்தைப் படிப்பிப்பதிலே கழித்து, கி.மு. 479 இல் காலமானார். உலகியல் கணக்கிலே இது தோல்வியடைந்த ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கை. பிற்காலத்தில் அரசுகள் அவருக்குச் சூட்டிய பட்டங்களின் பளபளப்பிலே இந்த உண்மை மறைந்துபோகிறது.

அவர் தாமே எழுதி வைத்த நூலென எதையும் உறுதியாகக் கூறுவதற்கில்லை. ‘லுன்யூ’ என்பது மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் தொகுத்த உரையாடற் குறிப்புகள். இருபது பிரிவுகள் கொண்டது. ஒழுங்கான தத்துவ நூல் ஒன்றை எதிர்பார்த்து அதைத் திறப்பவர் ஏமாந்துபோவார். ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில். அவசரக்காரனான மாணவனுக்கு ‘பொறு’ என்கிறார். தயங்குகின்ற மாணவனை அதே விடயத்தில் முன்னே தள்ளிவிடுகிறார். பக்கத்தில் நின்ற மூன்றாமவன் குழம்பிப்போய்க் காரணம் கேட்கிறான். இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பறையில் நிற்பவன் என்ற வகையில், அந்நூலிலே என்னை முதலிற் பிடித்துக்கொண்டது இந்த இடந்தான். எதிரே இருப்பவனைப் பார்த்துப் பேசுகிறவனுடைய குரல் அது.

அவருடைய அறத்தின் நடுநாயகமாக விளங்கும் சொல் ‘ரென்’. மனிதநேயம், அன்புடைமை, மனிதத் தன்மை என்று பலவாறு பெயர்க்கலாம். எதுவும் முழுதாகப் பொருந்தாது. அதன் எழுத்துருவிலே ‘மனிதன்’ என்ற குறியும் ‘இரண்டு’ என்ற குறியும் சேர்ந்திருக்கின்றன. தனித்திருந்து அடையும் சித்தியன்று அது. இருவர் எதிர்ப்படும் இடத்திலே பிறப்பது. இதை விளக்கப் பெரிய வியாக்கியானம் எதுவும் வேண்டாம். ‘லுன்யூ’வில் மிகச் சிறிய சம்பவமொன்று பதிவாகியுள்ளது. குதிரை லாயம் தீப்பற்றி எரிந்துவிட்டது. அரண்மனையிலிருந்து திரும்பிய கொன்பியூசியஸ், யாருக்காவது காயம் பட்டதா என்று கேட்டார். குதிரைகளைப் பற்றிக் கேட்கவில்லை. இவ்வளவுதான் செய்தி. அக்காலத்திலே குதிரை பெருஞ்செல்வம். லாயத்து வேலையாளோ மலிவானவன். எதை முதலிற் கேட்கிறோம் என்பதில் ஒருவனுடைய அறம் வெளிப்பட்டுவிடுகிறது. பேருந்து விபத்துச் செய்தி கேட்டதும், தொழிற்சாலையில் தீ என்று கேட்டதும், எமது முதற் கேள்வி எது? மாணவர்களுக்கு இச்சம்பவத்தைச் சொன்னால் அவர்களே மிகுதியைப் பேசிக்கொள்வார்கள்.

ரென்னுக்கு நடைமுறை வழியாக அவர் சொன்னது ‘ஷூ’. எமக்கு எது வேண்டாமோ அதைப் பிறர்மேற் சுமத்தாதிருத்தல் என்பது அதன் சாரம். வாழ்நாள் முழுவதும் கைக்கொள்ளத்தக்க ஒரே சொல் உண்டா என்று சீகொங் என்ற மாணவர் கேட்டபோது ஆசிரியர் தந்த சொல் இதுவே. உலகின் பல சமயங்களிலும் இக்கருத்து இருப்பதால் அதில் நான் நீண்ட நேரம் நிற்கவில்லை.

நிற்கவேண்டிய இடம் ‘லி’. சடங்கு, முறைமை, மரியாதை, ஒழுக்க வழக்கு எல்லாம் அடங்கிய சொல் இது. நவீன வாசகருக்கு மிகவும் கசப்பானதும் இதுவே. பெற்றோர் இறந்தால் மூன்று ஆண்டுத் துக்கம் அனுட்டிக்க வேண்டும் என்பது பழைய முறை. மூன்றாவது ஆண்டிற் கால் வைப்பதே கணக்காகையால், நடைமுறையில் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். நல்லுணவில்லை, நல்லுடையில்லை, இசையில்லை; பதவியிலிருப்பவன் பதவியை விட்டு விலகவேண்டும். சாய் வோ என்ற மாணவர் இதைக் கேள்விக்குட்படுத்தினார். அவரது வாதம் வெகு நேர்த்தியானது. மூன்று ஆண்டு எல்லாவற்றையும் கைவிட்டிருந்தால், சடங்கும் இசையும் பயிற்சியின்றிக் கெட்டுப்போகும். ஒரு வருடத்திலே பழைய தானியம் தீர்ந்து புதிய தானியம் வந்துவிடுகிறது. இயற்கையே ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கிறது. ஆகவே ஓராண்டு போதாதா?

கொன்பியூசியஸ் சாத்திரத்தை எடுத்து வீசவில்லை. துக்க காலத்திலே நல்ல அரிசிச் சோறுண்டு பட்டுடுத்தினால் உன் மனம் அமைதியாக இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றார் மாணவர். அப்படியானால் அவ்வாறே செய் என்று விட்டுவிட்டார். மாணவர் வெளியே போன பிறகுதான் ஆசிரியருக்கு மனம் பொறுக்கவில்லை. பிறந்த குழந்தை மூன்று வருடமல்லவா பெற்றோரின் மடியை விட்டு இறங்காமல் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு அந்த மூன்று வருடம் கிடைக்கவில்லையா என்று மற்றவர்களிடம் நொந்துகொண்டார்.

இந்த உரையாடலை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். சடங்கின் அளவுகோல் சாத்திரம் அன்று, மனத்தின் அமைதியின்மை என்பது இங்கே வெளிப்படை. மடியில் வைத்திருந்த கணக்கும் துக்கம் காக்கும் கணக்கும் ஒன்றுக்கொன்று ஈடு. ஆயினும் சாய் வோவின் பக்கமும் எனக்கு ஒரு காது உண்டு. அந்தியேட்டிக்கு வரமுடியாமல் ரொறொன்ரோவிலோ பாரிஸிலோ கைத்தொலைபேசித் திரையில் தாயின் ஈமக்கிரியையைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. விசா இல்லை, லீவு இல்லை, சில வேளைகளில் காசும் இல்லை. அந்தப் பிள்ளை சடங்கைச் செய்யவில்லை என்று யார் சொல்வது? அவனுடைய மனம் அமைதியாக இருந்ததா என்பதுதான் கேள்வியென்றால், அவன் கொன்பியூசியஸின் பரீட்சையிலே தேறிவிடுகிறான். நாள் தவறாமல் எல்லாக் கருமமும் முடித்து, சபைக்கு விருந்தும் வைத்து, தாய் இருந்த காலத்தில் அவள் அறைப்பக்கம் எட்டியும் பாராதவன் தேறமாட்டான்.

பெற்றோரைப் பேணுதல் அல்லது ‘சியாவோ’ என்பது பற்றியும் இதே கறார்தான். உணவு கொடுப்பதே பேணுதல் என்று இக்காலத்தார் நினைக்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்குங்கூட நாம் தீன் போடுகிறோமே, மதிப்பு இல்லையென்றால் இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்ற கருத்துப்பட அவர் கூறியிருக்கிறார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ‘இக்காலத்தார்’ என்று குறைபட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ‘எங்கள் காலத்தில் இப்படியா?’ என்று பெருமூச்சு விடும் பெரியவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

இன்று இந்த மதிப்பைச் சட்டத்தினால் வரவழைக்க அரசுகள் முயல்கின்றன. சிங்கப்பூர் 1995 இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அறுபது வயதைக் கடந்து தம்மைத் தாமே பேணமுடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எமது நாட்டிலும் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பராமரிப்புச் சபையொன்றுக்கு வழி செய்தது. சீனாவோ 2013 ஜூலை முதல் இன்னும் ஒருபடி மேலே போய், பிரிந்து வாழும் பிள்ளைகள் முதிய பெற்றோரை அடிக்கடி சென்று பார்க்கவேண்டும் எனச் சட்டத்திலேயே எழுதியது. கைவிடப்பட்ட முதியவருக்கு இச்சட்டங்கள் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சட்டம் வாங்கித் தருவது தீன் மட்டுமே. மதிப்பை எந்தத் தீர்ப்பாயம் அளந்து கொடுக்கும்?

இவ்விடத்தில் சங்கடமான ஒரு கதையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தந்தை ஆடு திருடியபோது மகனே சாட்சி சொன்னான், எங்கள் நாட்டில் நேர்மை அவ்வளவு உறுதியானது என்று ஒரு சிற்றரசன் பெருமையடித்தான். எங்கள் பக்கத்தில் நேர்மை வேறுவிதம். தந்தைக்காக மகனும் மகனுக்காகத் தந்தையும் மறைப்பர், நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது என்று கொன்பியூசியஸ் பதில் சொன்னார். இது குடும்பப் பாசத்தின் பெயரால் ஊழலுக்குத் திறந்துவிட்ட வாசல் அல்லவா என்று சீன அறிஞர்களே இந்த நூற்றாண்டிலும் காரசாரமாக விவாதித்திருக்கிறார்கள். மறுபக்கத்தில், 2012 இல் திருத்தப்பட்ட சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாழ்க்கைத் துணையையும் பெற்றோரையும் பிள்ளைகளையும் நீதிமன்றில் சாட்சியம் அளிக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. பிள்ளையைக் கொண்டு தகப்பனைக் காட்டிக்கொடுக்க வைத்த கலாசாரப் புரட்சிக் காலத்தை அனுபவித்த ஒரு தேசம் அப்படி எழுதியதில் வியப்பில்லை. என்னுடைய எண்ணம் இதுதான்: ஓர் ஆட்டுக்குப் பொருந்துவது ஓர் அமைச்சுக்குப் பொருந்தாது. வீட்டுக்குள்ளே பாசமாக இருப்பது அரச கதிரையிலே ஏறியதும் களவாகிவிடும். கொன்பியூசியஸ் அந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகக் கீறவில்லை என்பது அவரது அறத்தின் பலவீனமே.

இனி, அவர் கோட்பாட்டில் அரசியலோடு நேரடியாக மோதும் பகுதிக்கு வருகிறேன். அது ‘பெயர்களைத் திருத்துதல்’. ஒரு நாட்டின் ஆட்சியை உம்மிடம் தந்தால் முதலில் என்ன செய்வீர் என்று சீலூ என்ற மாணவர் கேட்க, பெயர்களைத் திருத்துவேன் என்றார் ஆசிரியர். சீலூவுக்கு எரிச்சல், இதென்ன சுற்றி வளைத்த பேச்சு என்று கேட்டே விட்டார். அரசன் அரசனாகவும் அமைச்சன் அமைச்சனாகவும் தந்தை தந்தையாகவும் மகன் மகனாகவும் இருக்கவேண்டும் என்பதே இக்கோட்பாட்டின் உள்ளுறை. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது ‘அவரவர் தத்தம் இடத்தில் அடங்கிக் கிட’ என்ற கட்டளையாகத் தோன்றும். பலர் அப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள். ஆட்சியாளர்கள் அப்படி விளங்கிக்கொள்ளவே விரும்பினார்கள். ஆனால் பட்டியலில் முதலில் நிற்பவன் அரசன். அரசன் என்ற பெயருக்குரிய கடமையைச் செய்யாதவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பதும் அதே கோட்பாட்டின் மறுமுனை.

இந்த மறுமுனையைக் கையிலெடுத்தவர் மென்சியஸ். கொன்பியூசியஸ் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிறந்தவர். ஷாங் வம்சத்தின் கடைசி அரசன் கொடுங்கோலன். அவன் வீழ்த்தப்பட்டு உயிரிழந்தான். குடிமகன் தன் அரசனைக் கொல்வது தகுமா என்று சீ நாட்டு மன்னன் வினவினான். மென்சியஸின் விடை, பெயரைத் திருத்தும் விடை: அன்பையும் அறத்தையும் அழித்தவன் தனியொரு ஆள் மாத்திரமே, ஒரு தனியாள் கொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டேன், அரசன் கொல்லப்பட்டதாகக் கேள்விப்படவில்லை என்ற கருத்தில் அவர் பேசினார். சிங்காசனத்தில் இருப்பவனுக்கு எதிரே நின்று பேசிய பேச்சு இது.

இப்படிப்பட்ட ஒரு மரபு கீழ்ப்படிவுக்கு மறுபெயராக மாறியது எப்படி? கி.மு. 213 இல் சின் பேரரசன் பழைய நூல்களை எரிப்பித்தான் என்பதைப் பலரும் அறிவர். எரித்தவனைவிட ஏற்றுக்கொண்டவர்களே இம்மரபை அதிகம் மாற்றினார்கள் என்பேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே ஹான் பேரரசன் வூ, கொன்பியூசிய நூல்களை அரசின் நூல்களாக்கினான். கி.மு. 124 இல் அவற்றைக் கற்பிக்கும் அரச கல்விக்கழகம் எழுந்தது. அக்காலத்திலேதான் அரசன், தந்தை, கணவன் என்ற மூவர் முறையே குடி, மகன், மனைவி என்ற மூவர்மேல் அதிகாரம் கொண்ட ‘மூன்று கட்டுகள்’ என்ற கோட்பாடு உருவாகிறது. ‘லுன்யூ’வில் இது கிடையாது. இதன் வேர் ஹான் பெய்யின் எழுத்துக்களில் தெரிகிறது. அவரோ கொன்பியூசியர்களைப் பரிகசித்த சட்டவாதி! எதிராளியின் சரக்கு கொன்பியூசியஸின் முத்திரை குத்தப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகள் விலைப்பட்டது.

மிங் வம்சத்தை நிறுவிய பேரரசன் ஏழைக் குடியானவனாகப் பிறந்து, அரசொன்றை வீழ்த்தி அரசனானவன். அவனுக்கு மென்சியஸை வாசித்தபோது சினம் பொங்கியது. 1394 இல் அந்நூலின் 85 பகுதிகள் வெட்டப்பட்ட பதிப்பொன்று அவன் ஆணையால் வெளிவந்தது. வெட்டப்பட்டவற்றுள் அரசனைக் கண்டிக்கும் இடங்களே மிகுதி. எவற்றை நீக்கினார்கள் என்பதைக் கொண்டே அந்நூலின் உயிர் எங்கே இருந்தது என்று கண்டுகொள்ளலாம்.

பெண்கள் விடயத்தில் இம்மரபுக்காக வாதாட நான் வரவில்லை. பெண்களைப் பற்றி ‘லுன்யூ’வில் வரும் ஒரு குறிப்பு சிறுமையானது. பிற்காலத்தில், மறுமணம் செய்யாத விதவைகளுக்கு நினைவு வளைவு எழுப்பிக் கௌரவித்த மிங், சிங் காலத்து வழக்கம் எத்தனை இளம் பெண்களை உயிரோடு கல்லாக்கியது என்பதை எண்ணினால், 1918 இல் லூ சுன் ‘ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ என்ற கதையில் இந்த அற நூல்களையே மனிதரைத் தின்னும் நூல்களாகக் கண்டதன் கோபம் விளங்கும். அடுத்த ஆண்டு, 1919 இல், மே நான்கு இயக்கத்து இளைஞர்கள் கொன்பியூசியஸை வீழ்த்தக் கிளர்ந்தார்கள். 1966 நவம்பரில் செங்காவலர்கள் சூஃபுவுக்கே சென்று கல்லறைகளையும் கல்வெட்டுக்களையும் நொறுக்கினார்கள். 1973-74 இல் அவரைக் கண்டிக்கும் இயக்கம் நாடெங்கும் நடத்தப்பட்டது. முதற் கோபத்துக்கும் பிந்திய கோபத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. லூ சுன் அடிபட்டவர்களுக்காகக் கோபித்தார். செங்காவலர் கோபம் மேலிருந்து கிளப்பிவிடப்பட்டது.

இந்த வரலாற்றிலே ஆசிரியனாகிய என்னை அதிகம் சிந்திக்க வைப்பது பரீட்சை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சுயி வம்ச காலத்தில் வேர்கொண்டு 1905 இல் ஒழிக்கப்பட்டது வரை, ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள், சீன அரச பதவிக்கு வாசல் பரீட்சையே. பிறப்பைப் பாராமல் அறிவைப் பார்த்தது என்பதில் அது உலகுக்கே முன்னோடி. 1313 இல் சூ ஸீயின் உரையோடு கூடிய நான்கு நூல்கள் பரீட்சைக்கு அடிப்படையாக விதிக்கப்பட்டன. அன்புடைமையைப் பற்றிச் சொல்லும் நூலை மனனஞ் செய்தால் நீதவான் ஆகலாம்! விளைவு என்ன? உள்ளாடை முழுவதும் அதே அற நூல்களை எறும்பு எழுத்திலே எழுதி மறைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனார்கள். அத்தகைய ஆடைகள் சில இன்றும் நூதனசாலைகளில் உள்ளன. நேர்மையைப் பற்றிய நூலைக் கொண்டே கள்ளம். சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ‘நேர்மை’ என்ற தலைப்பில் வகுப்பிலே கட்டுரை எழுதக் கொடுத்தபோது, நான்கு கொப்பிகளில் எழுத்துப்பிழை உட்பட ஒரே கட்டுரை வந்தது. நால்வரும் ஒரே ரியூசன் குறிப்பை மனனஞ் செய்தவர்கள். புள்ளிகளோ நால்வருக்கும் நன்றாகவே விழவேண்டும். கட்டுரை அவ்வளவு அழகு.

இதனாலேயே சிங்கப்பூரின் அனுபவம் எமக்கு மிக நெருக்கமானது. 1980 களின் தொடக்கத்தில், பொருளாதாரம் விரைந்து வளர இளைய தலைமுறையின் ஒழுக்கம் நழுவுகிறது என்று அந்நாட்டு அரசு கவலையுற்றது. அப்போது கல்வியமைச்சராக இருந்த கோ கெங் சுவீ 1982 இல் சமய அறிவைக் கட்டாய பாடமாக்கும் திட்டத்தை அறிவித்தார். பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், பின்னர் சீக்கியம் ஆகியவற்றோடு, சமயம் சாராத சீனப் பிள்ளைகளுக்காகக் கொன்பியூசிய அறமும் ஒரு பாடமாயிற்று. டு வெய்-மிங், யூ யிங்-ஷி போன்ற பேரறிஞர்கள் வெளிநாடுகளிலிருந்து ஆலோசனைக்கு அழைக்கப்பட்டனர். 1984 இலிருந்து இடைநிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளில் பாடம் தொடங்கியது. மக்களில் நான்கில் மூன்று பங்கினர் சீனராக இருந்தும், கொன்பியூசிய அறத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் மாணவர்களில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. பௌத்தத்தைத் தேர்ந்தவர்கள் அதைவிட மிகப் பலர். அன்றியும், சமயங்களைத் தனித்தனி அறைகளில் படிப்பித்ததால் பிள்ளைகளிடையே பிரிவுணர்ச்சி வளரும் என்ற அச்சமும் எழுந்தது. 1989 இல் கட்டாயத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 1991 ஜனவரியில் ‘பகிர்ந்த விழுமியங்கள்’ என்ற வெள்ளையறிக்கை வந்தது. தனிமனிதனைவிடச் சமூகமும், எல்லாவற்றுக்கும் அடிப்படையாகக் குடும்பமும் அதில் முன்னிறுத்தப்பட்டன. இது கொன்பியூசியத்தைப் பின்கதவால் கொண்டுவரும் முயற்சியன்று என்று சிறுபான்மையினருக்கு உறுதிகூறவும் அவ்வறிக்கை நேர்ந்தது.

சமயம் கட்டாய பாடமாகவும் பரீட்சைப் பாடமாகவும் உள்ள எமது நாட்டில், இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம், கிறிஸ்தவம் என்று பிள்ளைகள் அறை பிரிந்து போவதை நாளாந்தம் பார்க்கும் எனக்கு, சிங்கப்பூரார் ஐந்தாறு வருடத்தில் நிறுத்தி யோசித்தார்கள் என்பதே பெரிய செய்தியாகத் தெரிகிறது. பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து அறையில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று தெரியாமல் பதினொரு வருடம் படித்து, ‘ஏ’ சித்தி பெற்று வெளியேறும் பிள்ளையிடம் ‘ஷூ’வை எங்கே தேடுவது என்று கேட்கிறேன்.

ஆசிய விழுமியம் என்ற பேச்சு உச்சத்தில் இருந்தது 1990 களில். லீ குவான் யூ 1994 இல் ‘ஃபொறின் அஃபெயார்ஸ்’ என்ற அமெரிக்க சஞ்சிகைக்கு அளித்த நேர்காணலில், மேற்கின் ஜனநாயகத்தை அப்படியே கீழைத்தேயத்துக்குப் பொருத்த முடியாது, குடும்பமும் ஒழுங்குமே எம்முடைய அடித்தளம் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். அதே ஆண்டு அதே சஞ்சிகையில் மறுத்து எழுதியவர் தென் கொரியாவின் கிம் டே-ஜுங். சர்வாதிகார ஆட்சியில் சிறையும் மரண தண்டனைத் தீர்ப்பும் கண்ட மனிதர். பின்னர் 1998 முதல் 2003 வரை சனாதிபதியாக இருந்தவர். அவர் சாட்சிக்கு அழைத்தது எந்த மேனாட்டு ஞானியையும் அன்று. மென்சியஸை! மக்களின் நன்மையைக் கைவிட்ட அரசனை நீக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்பது இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எங்கள் சொத்து என்றார். மிங் பேரரசன் வெட்டி எறிந்த வகைப் பக்கங்கள் அறுநூறு ஆண்டு கழித்து ஒரு கொரியரின் கையில் ஆயுதமாகிவிட்டன. கொன்பியூசியம் வேரூன்றிய தென் கொரியாவும் தாய்வானும் அந்த விவாதம் நடந்த வேளையிலேயே தேர்தல் ஜனநாயகங்களாகிக்கொண்டிருந்தன. தாய்வான் மக்கள் 1996 இல் தங்கள் சனாதிபதியை முதன்முதலாக நேரடியாகத் தெரிவு செய்தார்கள்.

அதற்கும் முன்னே அதிகம் பேசப்படாத ஒரு சம்பவம் இருக்கிறது. 1948 டிசம்பர் 10 ஆந் திகதி ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த குழுவிலே சாங் பெங்-சுன் என்ற சீனர் இருந்தார். கல்வியாளர், நாடகக்காரர், இராஜதந்திரி. முதலாம் உறுப்புரையில் மனிதனின் சிறப்பியல்பாகப் பகுத்தறிவு ஒன்றையே குறித்திருந்தார்கள். அது போதாது, பகுத்தறிவோடு இன்னொன்று வேண்டும் என்று வாதாடிய சாங், இருவர் சேர்ந்த அந்த எழுத்தை, ‘ரென்’னை, குழுவினருக்கு விளக்கிக் காட்டினார். ஐரோப்பிய மொழிகளில் அதற்கு நேர்ச்சொல் இல்லாததால், ஏறத்தாழ ஒத்ததென்று கருதி ‘மனச்சாட்சி’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். மனித உரிமை மேற்கின் சரக்கு, எமது பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று பேசுகிற எந்த ஆட்சியாளரும் முதலாம் உறுப்புரையைத் தாண்டித்தான் அதைப் பேசவேண்டியிருக்கிறது.

சாய் வோ என்ற அந்த மாணவருக்கு என்ன நேர்ந்தது என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். பகலில் தூங்கியதற்காக ஆசிரியரிடம் உளுத்த மரம் என்று ஏச்சு வாங்கியவரும் அவரே. அவருடைய கேள்வியை நூலிலிருந்து நீக்கிவிடுவது தொகுத்தவர்களுக்குக் கடினமான காரியமன்று. ஆனால் ஓராண்டு போதாதா என்ற வாதம் முழுவதையும், பழைய தானியம் புதிய தானியம் என்ற உவமையுட்பட, அவர்கள் எழுதி வைத்தார்கள். பேச்சுத்திறனிலே சிறந்த மாணவர்களின் வரிசையில் அவர் பெயரையே முதலிற் குறித்தார்கள். சூஃபுவின் பெருங்கோயிலிலே ஆசிரியரின் உருவத்துக்கு இருமருங்கும் வீற்றிருக்கும் பன்னிரு ஞானியருள் அவருக்கும் ஓர் ஆசனம் உண்டு.